கூடாரமும் உறவின்முறையும்

உலகத்திலே பணம் விழுங்குகிற விளையாட்டுகளை வரிசைப்படுத்துவோமாயின் மோட்டார்ப் பந்தயம் முதல் வரிசையில் நிற்கும் என்பதிலும், பணத்தை விழுங்க விடாமல் இறுக்கிப் பிடித்து வைக்கிற ஊர்களை வரிசைப்படுத்துவோமாயின் எங்கள் பந்தல்குடி அதே முதல் வரிசையில் நிற்கும் என்பதிலும், விஷயம் தெரிந்தவர்களிடையே அபிப்பிராயபேதம் இராது. வானம் பார்த்த கரிசல் பூமி. பெய்தால் மக்காச்சோளமும் மல்லியும் பருத்தியும், பெய்யாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் என்று, ஒவ்வொரு வருஷத்தையும் இரண்டு வரவு செலவுத் திட்டங்களோடு தொடங்கிப் பழகியவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஊரிலே, அயல்நாட்டு மோட்டார்ப் பந்தயம் ஒன்றை நேரில் கண்டு வரவேண்டும் என்ற ஆசை உதித்ததும், கூடாரம் அடித்துத் தங்கினால் அந்த ஆசை சல்லிசாக நிறைவேறிவிடும் என்ற நம்பிக்கை அதைத் தொடர்ந்து வந்ததும், இயற்கையான காரியங்களே.

ஆசை உதித்த ஸ்தலம், மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்திலுள்ள டீக்கடை. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டி ஏற்றிப் போகிற நெடு லாரிகளும், எங்கள் ஊர்ச் சுரங்கத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து திணறுகிற லாரிகளும் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்க, அவற்றின் சப்தத்தைக் கேட்டே, "இவன் மூணாவது கியர்ல வர்றான், கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சு, எட்டூரு தாண்டமாட்டான்" என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லக்கூடிய டிராக்டர் மெக்கானிக் தம்பி ஒருவர் அங்கே உண்டு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வண்டி ஓட்டிய முதல் இந்தியர் என்பதும், அவ்வருஷம் மலேசியாவின் செப்பாங் பந்தயத்தில் அவர் பதினோராவதாக வந்தார் என்பதும், தம்பிக்குத் தம் குழந்தைகளின் பிறந்த நாட்களைக் காட்டிலும் துல்லியமாக ஞாபகமிருக்கிற விவரங்கள். இவரும், வத்தல் மண்டி அண்ணாச்சியும், கணக்கு நோட்டு எழுதுகிறவன் என்ற ஒரே யோக்கியதாம்சம் காரணமாக நானும் கூடி, சம்பிரதாயப்படி ஒரு கமிட்டியாக அமைந்தோம்.

ஆரம்பத்திலேயே ஓர் ஆட்சேபணை என் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990லிருந்து ஒரு பந்தயத் தளம் இருக்கும்போது, அதற்கு முந்திய தலைமுறையினர் சோழவரத்துப் பழைய யுத்த காலத்து விமான ஓடுதளத்திலே பந்தயம் பார்த்துத் திருப்தியடைந்திருக்கும்போது, 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கார்களை விட்டுக் காட்டியுமிருக்கும்போது, கடல் தாண்டிப் போவானேன் என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதே. ஆனால், சென்னைக்குப் போய் வந்தவனை ஊரிலே உட்கார வைத்து, இரண்டாவது டீயும் வாங்கிக் கொடுத்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒருவரும் விசாரிக்கமாட்டார்கள் என்கிற சமூக உண்மை அக்கேள்வியில் இடம்பெறவில்லை.

முதலில் கமிட்டி பிரஸ்தாபித்த க்ஷேத்திரம் பிரான்ஸ் தேசத்து லெ மான். 1923 முதல் நடந்துவரும் பந்தயம். பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கும் சற்றே அதிகமான சுற்றுப்பாதை, அதிலே பெரும்பகுதி சாதாரண நாட்களில் ஜனங்கள் போய்வருகிற தார்ச்சாலை. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மாலை நான்கு மணிக்குத்தான் கொடி விழும். ஒரே காரை ஆள் மாற்றி ஆள் இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டுவார்கள். சூரியனோ இரவு பத்து மணி வரையில் அஸ்தமிக்க மனமில்லாமல் நின்று வேடிக்கை பார்க்கும். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடுவதாலும், பந்தயமே விடிய விடிய நடப்பதாலும், பெரும் பகுதியினர் பாதையைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, காது கிழிகிற ஓசையின் நடுவே தூங்கவும் செய்கிறார்கள்.

இந்தச் சங்கதியைக் கேட்டதும் அண்ணாச்சியின் முகம் பிரகாசித்தது. "அட, இது நம்ம இருக்கன்குடி மாதிரியில்ல இருக்கு!" என்றார். ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த மணலிலே, டிராக்டர் டிரெய்லருக்கும் இரண்டு கம்புகளுக்கும் இடையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, மூன்று கல் கூட்டி உலை வைத்து, கிடாய் வெட்டி, குடம் குடமாகக் குழம்பு காய்ச்சி, முன்பின் தெரியாதவர்களையும் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார்த்துகிற எங்கள் ஜனங்களுக்கு, கூடாரவாசம் என்பது ஒரு கலையாகக் கற்பிக்கப்பட வேண்டியதில்லை. எங்களுக்குப் புதுமையாக இருந்ததெல்லாம், மண்ணில் படுப்பதற்கு முன்கூட்டியே பணம் கட்டி இடம் பிடிக்கவேண்டும் என்கிற ஒன்றுதான்.

ஆனால் பிரெஞ்சு மண்ணில் படுப்பதற்கு முன்னால் விசா என்கிற வாசற்படியைத் தாண்டவேண்டும். அதற்குக் கட்டணம் தலைக்குத் தொண்ணூறு யூரோ. மனு நிராகரிக்கப்பட்டாலும் அது திரும்பி வராது. போன மாதங்களின் வங்கிக் கணக்கைக் காட்டவேண்டும். எங்கள் பக்கத்து வங்கிக் கணக்கோ, மகசூல் வந்த மாதத்தில் தலை நிமிர்ந்தும், மற்ற மாதங்களில் வட்டிக்குப் பயந்து குனிந்தும் நிற்கிற சுபாவமுடையது. தங்குமிடத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றபோது தம்பி, "கூடாரத்துக்கு ஏதுண்ணே கதவு நம்பரு?" என்று கவலைப்பட்டார். எல்லாவற்றுக்கும் சிகரமாக, முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்தியச் செலவுக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாகவேண்டும் என்ற நிபந்தனையை நான் வாசித்து, அது நம் பணத்தில் சுமார் முப்பது லட்சம் ரூபாய் என்று பெருக்கிச் சொன்னதும், அண்ணாச்சி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மண்டி, வீடு, அம்மா பங்குக் காடு எல்லாம் சேத்து வித்தாக்கூட எம்பேருல அவ்வளவு தேறாதேப்பா. ரெண்டு நாள் காய்ச்சலுக்கா இம்புட்டு?" என்றார். பிரான்ஸ் தேசம் அத்துடன் கைவிடப்பட்டது.

அடுத்தது செப்பாங். மலேசிய அரசாங்கம் 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை முப்பது நாள் வரையில் விசா இல்லாமலே உள்ளே விடுகிறது. திருச்சிராப்பள்ளியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். இறங்குகிற விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பந்தயப் பாதை. அங்கே 1999இல் தொடங்கிய ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் 2017உடன் நின்றுபோனாலும், மோட்டோ ஜீபி என்கிற மோட்டார் சைக்கிள் பந்தயம் வருஷந்தோறும் நடந்துவருகிறது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்திலே வந்து, முழங்கை தரையில் உரச வளைவு திரும்புகிற அந்த வண்டிகளைப் பற்றித் தம்பி விவரித்தபோது, டீக்கடையின் எதிரிலே ஸ்டாண்டு போட்டு நின்றிருந்த அவருடைய பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி கொஞ்சம் கூசினாற்போல் எனக்குத் தோன்றிற்று.

செப்பாங்கில் ஒரு பிரதிகூலம் மழை. பிற்பகலில் திடீரென்று வானம் இருண்டு, வாளி வாளியாகக் கொட்டும். 2009ஆம் ஆண்டு ஐரோப்பியர்கள் வீட்டிலிருந்தபடியே சௌகரியமாகத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தார்கள்; ஐம்பத்தாறு சுற்றில் முப்பத்தோராவது சுற்றோடு மழை அதை முடித்துவைத்தது. கார்கள் நனைந்துகொண்டு வரிசையாக நிற்க, மறுபடி தொடங்குமா தொடங்காதா என்று உலகமே ஏங்கியிருந்த நேரத்தில், ஃபெராரி அணியின் கிமி ரைக்கோனன் பந்தய உடுப்பைக் களைந்து அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு சாவகாசமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டது சரித்திரப் பிரசித்தி பெற்ற சம்பவம். கடைசியில் பாதிப் புள்ளிகளைக் கொடுத்து அனுப்பினார்கள். முதலாவதாக வந்து பத்து வாங்கவேண்டிய ஜென்சன் பட்டன் ஐந்தோடு வீடு திரும்பினார்.

இதை ஓர் எச்சரிக்கையாகத்தான் சொன்னேன். அண்ணாச்சியோ இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். கொடும்பாவி கட்டி இழுத்தும், கழுதைக்குக் கல்யாணம் செய்துவைத்தும், கண்மாய்க்குள் நின்று வானத்தை மன்றாடியும் ஒரு தூறல் காணாத வருஷங்களைக் கண்டவர் அவர். "மழை பெஞ்சு ஒரு காரியம் நின்னுபோச்சுன்னு அங்க வருத்தப்பட்டாங்களா? பந்தயம் கெடக்கட்டும் தம்பி, அந்த மழையைப் பாக்கவே டிக்கெட்டு எடுக்கலாம்" என்றார். தண்ணீர் ஒழுகாத கூடாரம் வாங்கவேண்டும் என்று தம்பி கொண்டுவந்த தீர்மானம், அண்ணாச்சியின் பலமான எதிர்ப்பினால் தோற்றுப்போயிற்று.

இதற்குப் பிறகு சாமான் கணக்கு. சிக்கன விமானங்களில் கையோடு கொண்டுபோக ஆளுக்கு ஏழு கிலோதான் இலவசம். மூன்று பேருக்கும் சேர்த்து இருபத்தொன்று. நாலு பேர் படுக்கிற கூடாரம் நாலு கிலோவுக்குக் குறையாது. அதன் இரும்பு முளைகளை ஆயுதமென்று சந்தேகித்துப் பிடுங்கி வைத்துக்கொள்ளக்கூடும். சமையல் கேஸ் டப்பா விமானத்தில் எந்த மூலையிலும் ஏறக்கூடாது. எண்ணெய் மிதக்கிற ஊறுகாய் திரவப் பதார்த்தம் ஆகையால் கைப்பைக்கு ஆகாது. சாதுவாகத் தோன்றும் கொப்பரைத் தேங்காய்கூட எளிதில் தீப்பற்றும் வஸ்து என்பதனால் சரக்குப் பெட்டிக்கு ஆகாது. ஆக, நெருப்பு, கத்தி, முளை, ஊறுகாய் ஆகிய நான்கும் இல்லாமல் வனவாசம் செய்வது எப்படி என்று கமிட்டி யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் மலேசியாவின் கிள்ளானிலிருந்து டெலிபோன் வந்தது.

கிள்ளானில் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார், நாகப்பட்டினத்திலே ரஜூலா கப்பல் ஏறி, மேல்தளத்தில் ஒரு பாயை விரித்துத் தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தபடியே பினாங்கு போய்ச் சேர்ந்து, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக் குடும்பத்தை நிலைநிறுத்தியவர். சிக்கனமான வெளிநாட்டுக் கூடாரப் பிரயாணம் என்பது எங்கள் பக்கத்துக்கு அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது என்பதற்கு அவரே சாட்சி. அவருடைய புதல்வரிடம், செப்பாங் மாவட்டத்துப் பாகான் லாலாங் கடற்கரையில் உள்ளூர்க் குடும்பங்கள் கூடாரமடித்துத் தங்குவதுண்டாமே, நமக்கும் அங்கே இடம் கிடைக்குமா என்று நான் விசாரித்து எழுதியிருந்தேன்.

"என்னடா கேட்டிருக்கே?" என்று ஆரம்பித்தார் அண்ணன். "நாலு ரூம்பு வீட்டை நான் எதுக்குக் கட்டி வச்சிருக்கேன்? பந்தல்குடியிலேருந்து தம்பி வந்து பீச்சுல படுத்துக் கெடந்தான்னா இங்க நம்ம ஆளுங்க மூஞ்சியில நான் முழிக்க முடியுமா?" அவர் மூச்சு வாங்கின இடைவெளியில் டெலிபோனைப் பிடுங்கி மதினி பேசினார். பேச்சில் ஸ்வாகதம் ஒரு வாக்கியம். ஜாபிதா பத்து வாக்கியம். வேம்பார்க் கருப்பட்டி, சாத்தூர்ச் சேவு, முண்டு வத்தல், சின்னாளப்பட்டிச் சுங்குடியில் அரக்குக் கரை போட்டது இரண்டு, மூத்த மருமகளுக்கு ஒன்று, சம்பந்தி வீட்டார் மனம் கோணாமலிருக்க இன்னொன்று.

அன்றிரவு நோட்டை விரித்துக் கணக்குப் பார்த்தேன். கூடாரமில்லை, ஆகவே நாலு கிலோ மிச்சம். கருப்பட்டி மட்டுமே ஐந்து கிலோ. தங்குமிடத்துக்கு வாடகையில்லை, ஆகவே அந்தப் பத்தி பூஜ்யம். சேலை, பலகாரம், குழந்தைகள் கையில் கொடுக்கவேண்டிய வெள்ளி, மேல்பாரத்துக்கு விமானக் கட்டணம் ஆகிய பத்திகளைக் கூட்டினால், கோலாலம்பூரில் ஒரு கண்ணியமான ஹோட்டலில் தங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, மூன்று நாளும் மூன்று உறவினர் வீட்டில் விருந்து என்று மதினி ஏற்பாடு செய்திருப்பதால், பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் செப்பாங்கில் இருப்போமா, பந்தியில் இருப்போமா என்பதும் நிச்சயமில்லை.

இத்தனைக்கும் மேலாக, பந்தயம் வருவதோ ஐப்பசி மாதம். மானாவாரிக் காட்டில் விதைப்பு நடக்கிற காலம். ஊர் டிராக்டரெல்லாம் தம்பியின் பட்டறை வாசலில் வரிசை பிடிக்கிற காலம். தீபாவளிப் பாக்கியை அண்ணாச்சி வசூல் செய்கிற காலம். விஷயத்தை அவரே முடித்துவைத்தார்: "மழை பெஞ்சா நம்மால போக முடியாது; பெய்யாட்டிப் போகக் காசு இருக்காது. எப்படியும் நமக்கு மிச்சந்தானப்பா."

ஆகையால், மோட்டார்ப் பந்தயம் காண வெளிநாடு புறப்பட உத்தேசித்திருக்கும் வாசகர்களுக்கு, இரண்டு தேசங்களையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இது: தமிழன் வெளிநாட்டில் கூடாரம் அடிக்கவேண்டுமானால் அங்கே அவனுக்கு உறவினர் இருக்கக்கூடாது, உறவினர் இல்லாத தேசமோ விசாவிலும் இன்ஷ்யூரன்ஸிலும் வசூல் செய்துவிடும். எந்த தேசம் என்று தீர்மானிப்பதற்கு முன் உறவின்முறையை ஒரு தரம் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரித்து, உறவு உண்டு என்று தெரிந்தால், கூடாரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அப்படியே எடுத்துச் சேலைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.