இரண்டு கேபிள், இரண்டு வழி

கேள்வி: தேயிலை ஆலையின் இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே ஒரு கேபிள் போதவில்லை என்று இன்னொன்றையும் செருகினோம். வேகம் கூடவில்லை, நெட்வொர்க்கே படுத்துவிட்டது! (சேரங்கோடு)

இரண்டும் ஒரே பாதை என்று சுவிட்சுக்கு யாரும் சொல்லவில்லையே! ஒன்றில் போன பிராட்காஸ்ட் மற்றதில் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றியே லைனை அடைத்துவிட்டது. இந்தச் சுற்றைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கினால் ஒரு கேபிளை முடக்கிக் காப்பாற்றும், வேகம் கூடாது. இரண்டாவது கேபிளை இப்போதே உருவுங்கள். இரு கேபிளையும் ஒரே பாதையாக்கும் லிங்க் அக்ரிகேஷன் குழுவை இரு சுவிட்சிலும் அமைத்த பிறகு செருகுங்கள். அந்த வசதிக்கு மேனேஜ்டு சுவிட்ச் வேண்டும்.

கேள்வி: குழு அமைத்தேன். சேர மறுக்கிறதே? (பந்தலூர்)

இரு சுவிட்சும் பேசிக் குழு சேரும் எல்ஏசிபி முறையில், இரு பக்கமும் 'பாசிவ்' வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். வைத்திருந்தால் இரண்டும் மற்றது பேசட்டும் என்று காத்திருக்கும். ஒரு பக்கமாவது 'ஆக்டிவ்' ஆகட்டும். போர்ட்டுகளின் வேகம், டூப்ளெக்ஸ், விலேன் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு சுவிட்ச் ஒரு கம்பெனி, மற்றது வேறு கம்பெனி. ஒத்துப்போகுமா? (குன்னூர்)

போகும், எல்ஏசிபி முறையைத் தேர்ந்தெடுத்தால். 2000-இல் 802.3ஏடி என்ற பெயரில் வந்த பொதுத்தரம் அது; 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆனது. இதே வேலைக்கான சிஸ்கோவின் பிஏஜிபி அப்படிப்பட்ட பொதுமுறை அல்ல.

கேள்வி: கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் இந்த யோசனை யாருடையது? (ஊட்டி)

1990-களின் தொடக்கத்தில் 'ஈதர்சேனல்' என்று இதைக் கொண்டுவந்தது அமெரிக்காவின் 'கல்பனா' நிறுவனம். நிறுவனர்களில் ஒருவரான, இந்திய வம்சாவளி வினோத் பரத்வாஜின் மனைவி பெயர் அது. 1990-இல் 7 போர்ட் ஈதர்நெட் சுவிட்சை விற்றதும் அவர்களே. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. உங்கள் ஆலை சுவிட்சின் முன்னோர் வரிசையில் ஒரு பெண்ணின் இந்தியப் பெயர் இருக்கிறது.

கேள்வி: இரண்டு 1 ஜிகாபிட் சேர்த்தும் ஒரு ஃபைல் 1 ஜிகாபிட்டைத் தாண்டவில்லையே? (கூடலூர்)

தாண்டாது. இலை நிறுக்க இரண்டு தராசு வைத்தாலும் ஒருவர் மூட்டையை ஒரு தராசில்தானே ஏற்றுகிறோம்? வரிசைதான் சீக்கிரம் கரையும். அதுபோல, அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளைக் கணக்கிட்டு ஒவ்வொரு உரையாடலையும் ஒரு கேபிளில் சுவிட்ச் அனுப்புகிறது. பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் பலன் தெரியும். ஒரே கேபிளில் நெரிசல் என்றால், கணக்கீட்டை மேக் முகவரியிலிருந்து ஐபி, போர்ட் எண்ணுக்கு மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் இது காப்பாற்றுமா? (சேரம்பாடி)

கேபிள் போகிற வழியைப் பொறுத்தது. இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டினால், தென்மேற்குப் பருவமழையில் சாய்கிற ஒரு சில்வர் ஓக் இரண்டையும் அறுத்துவிடும். ஒன்றை ஆலைச் சுவரோரமும், மற்றதைத் தோட்டப் பாதையோரம் மண்ணுக்கடியிலும் கொண்டுபோங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபரே போடுங்கள்: செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், அதோடு அது மின்னலின் மின்சாரத்தையும் உள்ளே கூட்டி வரும். எல்ஏசிபி டைமரை 'ஃபாஸ்ட்' ஆக்குங்கள்: எதிர்ப்பக்கம் பேச்சை நிறுத்தினால் 3 விநாடியில் தெரியும், 'ஸ்லோ'வில் 90 விநாடி ஆகும். என்னைக் கேட்டால், லிங்க் அக்ரிகேஷனின் பெரிய வரம் வேகம் அல்ல, அறுந்தாலும் வேலை நிற்காத தெம்புதான். மழை தொடங்கும் முன் ஒரு பகலில், ஆலை ஓடும்போதே ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடினால் வேலை முடிந்தது.