ஆறு பேர் கம்பெனியில் அழகு
(கேள்வி-பதில்)

சின்ன அழகுப் பொருள் கம்பெனி. மார்க்கெட்டிங் வேலை என்றுதான் சேர்த்தார்கள். இப்போது பாட்டிலில் லேபிள் ஒட்டுகிறேன், கொரியர் கட்டுகிறேன், கஸ்டமர் போனும் எடுக்கிறேன். இது நியாயமா? (ஈரோடு வாசகி)

ஒரே சம்பளத்தில் மூன்று பேர் வேலை! அநியாயம்தான். ஆனாலும் ஓடிவிடாதீர்கள். பேட்ச் எண், தயாரித்த தேதி, உரிம எண், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் லேபிள் ஒட்டுகிறவருக்கு மனப்பாடம். மூடி கசிகிறது, வாசனை மாறிவிட்டது என்ற செய்தி முதலில் வருவது போன் எடுப்பவர் காதுக்கு. பெரிய கம்பெனியில் மூடிக்கு ஒரு துறை, வாசனைக்கு ஒரு துறை. பத்து வருடம் இருந்தாலும் அடுத்த அறையில் நடப்பது தெரியாது. உங்களுக்கோ முழுத் தொழிலும் கைக்குள் வந்துகொண்டிருக்கிறது. செய்கிற வேலையையெல்லாம் ஒரு தாளில் எழுதி முதலாளி மேசையில் வைத்துச் சம்பள உயர்வு கேளுங்கள். தரமாட்டேன் என்றால், அதே தாளோடு அடுத்த கம்பெனிக்குப் போங்கள்.

தீபாவளிக்குப் போனஸுக்குப் பதில் ஃபேஸ்வாஷ் கொடுத்தார்கள். என்ன செய்ய? (திருப்பூர் வாசகர்)

அதை மளிகைக் கடையில் நீட்டி அரிசி கேளுங்கள். அண்ணாச்சி சொல்லும் பதிலை அப்படியே முதலாளியிடம் சொல்லுங்கள்.

சின்ன கம்பெனி எங்காவது பெரிதாகுமா? (கடலூர் வாசகர்)

கடலூரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா ஐயா! ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைக்கலாம் என்று யோசித்த சின்னி கிருஷ்ணன் உங்கள் ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி, அப்பா பெயரைச் சுருக்கி ‘சிக்’ ஷாம்பு போட்டார். ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்காரவைத்து எல்லார் முன்னாலும் தலைக்குத் தேய்த்து அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்தக் கம்பெனியின் காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, காலி சிக் பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்றார்கள். என்ன மூளை! அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர். அன்று தலை தேய்த்துவிட்டவரும் சின்ன கம்பெனி ஊழியர்தான்.

‘ஹெர்பல்’ என்று போட்டால் பாதுகாப்பானதுதானே?

எருக்கம்பாலும் ஹெர்பல்தான்.

சிகப்பழகு கிரீம் போட்டால்தான் கம்பெனி பிழைக்கும் என்கிறார் முதலாளி. (மதுரை வாசகி)

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம் வரும் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். கறுப்பு குறையல்ல. குறையென்று சொல்லி விற்பதுதான் குறை. 1975-லிருந்து விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’யே 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. கண்ட கண்ட வெளுப்பு கிரீம்களில் பாதரசமும் இருக்கும். 2023-ல் கேரளத்து மலப்புரத்தில் அப்படிப் பூசிக்கொண்டவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். முதலாளியிடம் நல்ல சீயக்காய்த்தூள் போடச் சொல்லுங்கள். முதல் பாக்கெட் எனக்கு.

மொத்தமே ஆறு பேர். முதலாளியின் உறவினர் தவறாக நடக்கிறார். யாரிடம் சொல்வது? (ஊர் வேண்டாம்)

அம்மா, உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் வருடச் சட்டம் உங்களுக்கும் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். முதலாளியே குற்றவாளி என்றாலும் அங்கே சொல்லலாம். கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம் குறித்துவையுங்கள். வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள்.

அழகுப் பொருள் கடையில் நாள் முழுக்க நின்றே விற்கிறேன். உட்கார்ந்தால் திட்டுகிறார்கள். (சென்னை வாசகி)

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று. நாற்காலி கேளுங்கள். போடவில்லையென்றால் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதுங்கள், உட்கார்ந்துகொண்டு.