அரைச் சுற்றுக் குறைச்சல்

“மாமா, உங்க வண்டி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்புல நிக்கற மாதிரியே இருக்குது.”

அக்கா மகன் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. சொன்னது என் 1998 மாருதி 800-ஐ. பொய்யென்று தள்ள முடியாது. பன்னிரண்டு அங்குலச் சக்கரம், அதற்கு மேல் ஒரு பூனை குடும்பத்தோடு படுக்க இடம். “ஒண்ணரை இஞ்சு இறக்கினா ரோட்டைக் கவ்விக்கும் மாமா” என்றான். இதே 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய கரிவரதன் எங்கள் கோயமுத்தூர்க்காரர். செட்டிபாளையத்துப் பந்தயத் தடமே அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு எத்தனை நாள் வரப்பிலேயே நிற்பது?

பையனின் முதல் யோசனை, ஸ்பிரிங்கை கேஸ் வைத்துச் சூடாக்கினால் தானாக அமுங்கிவிடும் என்பது. செலவே இல்லை என்றான். எங்கள் மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“சூடு பண்ணுனா இரும்புல இருக்குற முறுக்கு செத்துருமுங்க. இன்னைக்கு ஒண்ணரை இஞ்சு இறங்கும். அடுத்த மாசம் பள்ளத்துல உடையும். வெட்டறதுன்னா மிஷின்ல, சூடு ஏறாம வெட்டோணும். அதுவும் உங்க ஒரிஜினல்ல கை வைக்க வேண்டாம். உக்கடத்துல பழைய செட்டு வாங்கியாங்க.”

ஒரிஜினலைப் பத்திரப்படுத்தச் சொன்னபோதே அவருக்கு என் எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டும்.

முன்பக்க ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது எங்களைப் பட்டறைக்கு வெளியே நிறுத்தினார். அமுக்கிப் பிடித்த ஸ்பிரிங் கிளாம்ப் நழுவினால் மண்டை போய்விடுமாம். உக்கடத்து ஸ்பிரிங் நாலிலும் அரைச் சுற்று வெட்டினார். அரைச் சுற்றுக்கு மேல் ஒரு நூல்கூட வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கையால் ஆட்டிப் பார்த்தார். அங்கே அது லொடலொடத்தால் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது இடம் மாறி உட்கார்ந்துவிடும் என்றார். வீல் அலைன்மெண்ட், ஹெட்லைட்டின் குறி என்று மேலும் இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் வந்தது வண்டி. வேட்டியை இறக்கிவிட்டு மரியாதையாக நின்றது. சிங்காநல்லூர் வரை தனியாக ஓட்டினேன். வளைவில் சாயவே இல்லை.

அன்று நான் மறந்துபோனது ஒன்றே ஒன்று. வண்டியின் எடை சுமார் 650 கிலோ. எங்கள் குடும்பம் ஐந்து பேர், தோராயமாக 330 கிலோ. பெரிய காருக்கு ஐந்து பேர் சில்லறை. இதற்கோ பாதி வண்டி வந்து ஏறின மாதிரி. பொள்ளாச்சிக் கல்யாணத்துக்கு எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், மெக்கானிக் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த இடைவெளி மொத்தமும் தீர்ந்துபோனது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும் என்பதை முதுகெலும்பு தனியாகத் தெரிந்துகொண்டது.

“பூமாதேவி மடியில உக்காந்த மாதிரியே இருக்குதுங்க மாப்பிள்ளை” என்றார் மாமியார். பாராட்டுகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தேன். இல்லை.

வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே எழுதிவைத்திருக்கிறது. எங்கள் தெருமுனையில் இருப்பது, யாரோ வீடு கட்டி மிஞ்சிய கான்கிரீட்டை மனசாரக் கொட்டியது. உயரத்தில் தாராளம், அகலத்தில் கஞ்சத்தனம். அதில் ஏறியதும் அடியில் தேங்காய் துருவுகிற சத்தம். ஆயில் சம்ப்பை நினைத்து எனக்கு வியர்த்தது.

அப்போது என் மனைவி கண்டுபிடித்ததுதான் இன்றுவரை எங்கள் தெரு பேசும் ஏற்பாடு. வேகத்தடைக்கு முன் நிறுத்துவோம். நாலு பேர் இறங்குவார்கள். பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு வேகத்தடையை நடந்து தாண்டுவார்கள். நான் வெறும் வண்டியைக் கோணலாக ஏற்றி இறக்குவேன். மறுபடி ஏறுவார்கள். பொள்ளாச்சி போவதற்குள் பதினோரு முறை. கிணத்துக்கடவில் வண்டி நின்றுபோனதாக நினைத்து இரண்டு பேர் ஓடிவந்து தள்ளியே விட்டார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு நா எழவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தி மூன்றாவது சுற்று ஓடும்போது போய்ச் சேர்ந்தோம். கீழே கிடக்கும் சீட்டிலிருந்து எழுந்து எழுந்து மாமியாரின் முழங்கால் வீங்கிவிட்டது.

மறுநாளே ஒரிஜினல் ஸ்பிரிங்குகளைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிப் போட்ட நாலையும் அக்கா மகன் ஏதோ புராஜெக்டுக்கு என்று எடுத்துப் போய்விட்டான்.

வண்டி பழையபடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், அந்த முழங்காலுக்குத்தான். தெருமுனை வந்தது. நான் வேகத்தைக் குறைத்ததுதான் தாமதம், பின்கதவு திறந்தது.

“நீங்க ஏத்துங்க மாப்பிள்ளை. நான் அந்தப் பக்கம் வந்துர்றேன்.”