99 ஆண்டுத் தொலைநோக்கு

அகளிக்கு மேலே மலையில் பிறக்கும் சிறுவாணிக்கு இரண்டு வழி. ஒன்று, அட்டப்பாடி வழியே இறங்கிப் பவானியில் சேர்வது. இன்னொன்று, மலையைக் குடைந்த சுரங்கத்தில் புகுந்து கோவைக் குழாய்களில் விழுவது. இரண்டாவது வழிக்காகக் கேரளமும் தமிழ்நாடும் 1973-இல் ஒப்பந்தம் போட்டன: ஆண்டுக்கு 1.3 டிஎம்சி, 99 ஆண்டுகளுக்கு. குடிக்கிற தண்ணீர் என்றால் கொள்ளுப்பேரன் காலம்வரை யோசிப்பார்கள் நம் அதிகாரிகள்.

குடித்து, குளித்து, பாத்திரம் கழுவிய பிறகு? அதற்குத்தான் நொய்யல் ஆறு இருக்கிறதே! சுத்திகரித்ததும் அதில்தான் போகிறது, சுத்திகரிக்காததும் அதில்தான் போகிறது.

திட்டமே இல்லை என்று சொன்னால் பாவம். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணையே கட்டினார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பாசனத்துக்கு என்று பெயர். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அனுப்பிய கழிவை அது பொறுப்பாகத் தேக்கி வைத்தது; நிறமும் நுரையும் உப்புமாக. வழக்கமாகத் தண்ணீர் கேட்டு நீதிமன்றம் போகும் பாசன விவசாயிகள், இந்தத் தண்ணீரிலிருந்து காப்பாற்றச் சொல்லிப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

பவானியோடு போன சிறுவாணி பவானி ஊரில் காவிரியைத் தொடுகிறது. கோவையைச் சுற்றிப் பார்த்த சிறுவாணி, நொய்யலாகிக் கொடுமுடிக்குத் தெற்கே வந்து சேர்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பும் குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதத்தைத்தான் செலவாக எழுதியது. மிச்சம் 80 சதவீதம் ஆற்றுக்கே திரும்பிவிடுமாம். எந்த நிறத்தில் என்பதற்குத்தான் அந்தக் கணக்கில் கட்டம் இல்லை.