ட்ரையர் குழாயில் பஞ்சு சேர்தல்: ஒரு முன்னாய்வு

ஆய்வுக் களம்: நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் சலவை அறை. காலம்: ஜனவரி. கருவிகள்: நீளக் கம்பி பிரஷ் ஒன்று, டார்ச் ஒன்று. நிதி நல்கை எதுவும் இல்லை. பிரஷ் வாங்கிய பில்லே இன்னும் வீட்டில் விவாதத்தில் இருக்கிறது.

திணை வகுக்காமல் மேலே போவது மரபல்ல. முதற்பொருள், ட்ரையருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இருட்டு. கருப்பொருள், துண்டு, பனியன், ஒற்றைக் காலுறை. உரிப்பொருள், ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’.

சூடான காற்றில் துணி புரளும்போது ஈரத்தோடு இழைத் துணுக்குகளும் கிளம்புகின்றன. பெரும்பகுதியை ட்ரையரின் வடிகட்டி வலை பிடித்துக்கொள்ளும். எத்தனை நிறத்தைக் கலந்து போட்டாலும் வலையில் படிவது ஒரே சாம்பல் நிறம்; மூன்று வாரம் குறித்துப் பார்த்தேன். ஓரத்தை விரல் நுனியால் கிளப்பினால், பதமாக வெந்த தோசை கல்லை விட்டு வருவதுபோல் முழுசாக உரிந்து வரும். இந்தச் சுகத்தில்தான் ஆபத்து. வலையை உரித்த திருப்தியில், காற்றை வெளியேற்றும் குழாயை மறந்துவிடுகிறோம். வலைக்குத் தப்பியது அங்கேதான் குடியேறுகிறது. உலர்ந்த பஞ்சு, பக்கத்திலேயே சூடு. 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 ட்ரையர் தீவிபத்துகள் என்றும், முதற்காரணம் சுத்தம் செய்யாமைதான் என்றும் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது.

சூத்திரங்கள் கட்டட விதிநூலில் உள்ளன. குழாய் 4 அங்குல விட்டம், உள்ளே வழவழப்பான உலோகம். நீளம் பொதுவாக 35 அடிக்குள். சாதாரண 90 டிகிரி எல்போ ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழியும். திரும்பத் திரும்ப வளைபவனுக்கு ஆயுள் குறைவு என்று உரை எழுதலாம். ஸ்க்ரூ முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு அதில் மாட்டும். மூட்டுகளுக்கு உலோக ஃபாயில் டேப். பேரிலேயே குழாயை வைத்திருக்கும் டக்ட் டேப், குழாய் மூட்டில் நிற்காது என்று 1998இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் சோதித்தே சொல்லிவிட்டார்கள். பெயர்ப்பொருத்தம் பார்ப்பவர்கள் கவனிக்க.

இனி நேரடிக் கள ஆய்வு. எங்கள் வீட்டில் துண்டு காய இரண்டு சுற்று ஆனது. பிளக்கைப் பிடுங்கி, ட்ரையரை இழுத்துப் பார்த்தால் பின்னால் ஃபாயில் சுருள்குழாய் மிதிபட்ட முறுக்குபோல் நசுங்கிக் கிடந்தது. வெளிவாயிலில் பறவை புகாதிருக்க யாரோ ஒரு புண்ணியவான் கொசுவலை அடித்திருந்தார். பறவை புகவில்லை, பஞ்சும் போகவில்லை. பிரஷ்ஷோடு வெளியே வந்தது ஒரு தலையணைக்குக் காணும். (கேஸ் ட்ரையரானால் அடைப்பு கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும். அந்தப் பகுதியில் கேலிக்கு இடமில்லை.)

கொசுவலையைப் பிய்த்தெறிந்து, சுருள்குழாய்க்குப் பதில் உலோகக் குழாய் மாட்டி, ட்ரையரை ஓடவிட்டு, கடைசிச் சோதனைக்கு வெளியே போனேன். முழங்கால் பனி. வெளிவாயிலின் மூடி தானாகத் திறந்து ஆட, வெதுவெதுப்பான காற்று வந்தது. இரண்டு உள்ளங்கையையும் அதன் முன் நீட்டினேன். மனைவி ஜன்னல் வழியே வீடியோ காலில் திருச்சிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னடா அது, சுவத்துக்கு முன்னால நின்னு தீபம் ஒத்திக்கிறே?” என்றாள் அம்மா.