திருடினால்தான் துளிர்க்கும்

பிப்ரவரி 14 நெருங்கினால் ஓசூர் ரோஜாவுக்குத் தலைகால் புரியாது. பாகலூர், பேரிகை, தளி பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜா பெங்களூரு போய் விமானம் ஏறும். ஊர்க்காரர்கள் வீட்டு ஜன்னலில் இருப்பதோ மணி பிளாண்ட்.

ரோஜாவையும் முயலாமல் இல்லை. கல்யாண பொக்கேயில் வந்த தண்டை உருளைக்கிழங்கில் செருகி நட்டால் வேர்விடும் என்று மைத்துனி செல்போனில் காட்டினாள். நட்டோம். உருளைக்கிழங்கு அமோகமாக முளைத்தது. பூ வியாபாரத்துக்கு அறுத்த தண்டு, குளிர் அறையில் கிடந்து, இலை உருவப்பட்டு வருகிறது. வேர்விட அதற்கு ஏது தெம்பு? தோட்டக்காரர்களே முரட்டு ரகச் செடியின் பட்டையைக் கீறி, நல்ல ரகத்தின் மொட்டைச் செருகிக் கட்டித்தான் கன்று எடுக்கிறார்கள்.

மணி பிளாண்டுக்கு அந்தப் பிகு கிடையாது. இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் கணு புடைத்திருக்கும். அதையொட்டி மிளகளவில் பழுப்பாக ஒரு முண்டு. அதுதான் வேராகப் போகிறது. கணுவுக்குக் கொஞ்சம் கீழே நறுக்கி, முண்டு முழுகத் தண்ணீரில் வைத்தால் போதும். கணு இல்லாமல் வெறும் இலையைக் கிள்ளி வந்தால், வேர்கூட விடும், துளிர் மட்டும் வராது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பச்சையாக உட்கார்ந்தே இருக்கும். ஜாடி வாங்கவேண்டாம், குவார்ட்டர் பாட்டில் இருக்கிறது. லேபிளைச் சுரண்டாமல் வைத்தால், வீட்டுக்காரர் கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி வரை போய்வந்த சேதி தெருவுக்கே தெரிந்துவிடும், அவ்வளவுதான். ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழிக் குளிரில் வேர் எட்டிப்பார்க்கச் சோம்பல்படும்.

கேட்டு வாங்கினால் வளராது, திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பது இந்தக் கொடிக்கு ஊரறிந்த சட்டம். பசிபிக்கில் மூரேயா என்ற தீவில் பிறந்த கொடி இது. வீடுகளில் பூப்பதே இல்லை. பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் ஹார்மோனை இதனால் போதிய அளவு உண்டாக்க முடியவில்லை என்று 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. பூ இல்லை, அதனால் விதையும் இல்லை. ஆக, வீட்டுக்கு வீடு தொங்கும் மணி பிளாண்டெல்லாம் யாரோ யாரிடமோ நறுக்கியதுதான். இதில் எங்கள் வீட்டுக் கணக்கு எந்த மூலைக்கு?

சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது செக்யூரிட்டி டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பார். ஒரு நட்டு இருந்தால் வேலை போச்சு. கம்பெனி வரவேற்பறைக் கொடியின் நுனி இருந்தால், மூடியை அவரே மூடிக் கொடுப்பார். அவர் வீட்டுக் கொடிக்கும் தாய்வீடு அதே வரவேற்பறைதான்.

எங்கள் எதிர்வீட்டு அம்மா ஆனேக்கல்லில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்டவர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசி முடிப்பார். அவர் மாடிப்படியில் வெள்ளை வரியோடிய ரகம் ஒன்று தொங்குகிறது. என் மனைவிக்கு அதன்மேல் ஒரு கண்.

"உங்க கொடி எவ்ளோ அழகா இருக்குக்கா!"

அந்த அம்மா என் மனைவியின் கைப்பையை ஒரு பார்வை பார்த்தார். "இரும்மா, பாலு பொங்குது" என்று உள்ளே போனார். பால்காரர் அன்றைக்கு வரவேயில்லை என்பது தெருவுக்கே தெரியும். போன வேகத்தில் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"கத்திரிக்கோல் டிவி மேல இருக்கு. கணுவோட சேர்த்து வெட்டும்மா. நான் பார்க்கலை."