ஒரே கூரை, பல வெயில்

கோடை வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாரையும் குரல் கொடுத்துத் தேட வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் போதும், ஆள் எங்கே இருப்பார் என்று சொல்லிவிடலாம். காலை எட்டு மணிக்கு மேல் கிழக்கு அறையில் ஈ, காக்கை இருக்காது. பகல் ஒரு மணிக்கு மொத்தக் குடும்பமும் ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவிலுள்ள பாசேஜில், வெறும் தரையில். சாயங்காலம் ஐந்துக்கு, காலையில் திட்டிய அதே கிழக்கு அறையில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை நடக்கும். மேற்கு அறைக்கு மட்டும் எந்நேரமும் போட்டி கிடையாது. அங்கே என் புத்தகங்கள் இருக்கின்றன.

குரோம்பேட்டையில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடி. "டாப் ஃப்ளோர் சார், காத்து பிச்சிக்கும்" என்றுதான் விற்றார்கள். பொய்யில்லை, பிய்த்துக்கொண்டுதான் அடிக்கிறது. மே மாதத்தில் அது மேல்காற்று. கடற்காற்று மதியத்துக்கு மேல் எட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினால், மேற்கிலிருந்து வரும் இந்த அனல் அதைக் கரையோடு நிறுத்திவிடும். 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்டதே, அந்த மாதிரி நாட்களைச் சொல்கிறேன்.

"பெட்ரூம் வடக்கு பார்த்தது, வெயிலே விழாது" என்றும் சொன்னார்கள். சென்னை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்படியே நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும். தெற்குப் பக்கம் திரும்ப ஆகஸ்ட் பாதி ஆகும். ஆக, அக்னி நட்சத்திரம் முழுக்க வடக்குச் சுவருக்கும் தரிசனம் உண்டு. ஆனால் பில்டரைக் குறை சொல்ல முடியாது. அவர் எங்களுக்கு வீட்டைக் காட்டியது மார்கழியில்.

சுவராவது ஒரு பக்கம்தான். தலைக்கு மேல் நாலைந்து அங்குலக் கான்கிரீட் இருக்கிறதே, அதற்கு வேகமும் கிடையாது, மறதியும் கிடையாது. காலையிலிருந்து வாங்கிய வெயிலை நிதானமாக உள்ளே இறக்கும். வெளியே இருட்டி, தெருவில் ஆட்கள் 'அப்பாடா' என்று நடக்கும் நேரத்தில்தான் எங்கள் கூரைக்கு உச்சி வெயில். அப்போது ஃபேனைப் போட்டால் சீலிங்கில் தேங்கியிருக்கும் அனலை அள்ளிக் கட்டிலில் போடும். தளத்தின் மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கலாமே என்று அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டேன். "மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. செலவு மட்டும் உங்களோடது" என்றார் தரைத்தளத்துக்காரர். அவர் வீட்டில் மே மாதத்திலும் ராத்திரி ஃபேனை இரண்டில் வைத்தால் போதுமாம். இதைக் கேட்காமலேயே, லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். தரைத்தளத்துக்காரருக்கு லிஃப்டில் என்ன வேலை என்பது வேறு விஷயம்.

வீட்டுக்குள் எந்த அறை எவ்வளவு சூடு என்பதை நிர்ணயிக்க இரண்டு முறைகள் அமலில் உள்ளன. முதலாவது அப்பாவுடையது. டிகிரி காட்டும் கடிகாரம் ஒன்று வாங்கி வந்தார். ஃபிரிட்ஜ் இருக்கும் இடம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் அதன் தலையில் வைத்தார். ஃபிரிட்ஜோ, உள்ளே இருக்கும் சூட்டையெல்லாம் பின்பக்கமாக வெளியே தள்ளுகிற ஜாதி. கடிகாரம் அங்கே உட்கார்ந்துகொண்டு, வீட்டிலேயே அதிக டிகிரியை நாள் தவறாமல் அறிவித்தது. அப்பா அதை டைரியில் குறித்துக்கொண்டு, ராத்திரி டிவி செய்தியில் மீனம்பாக்கம் கணக்கு வரும்போது, "இவங்க குறைச்சுச் சொல்றாங்க" என்பார்.

அம்மாவின் முறைக்கு பேட்டரி வேண்டாம். அரைத்த மாவை எந்த அறையில் வைத்தால் எப்போது பொங்கும் என்பதுதான் கணக்கு. பாசேஜில் வைத்தால் விடியற்காலை. மேற்கு அறையில் வைத்தால் சீரியல் முடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். அவசரத்துக்கு இட்லி வேண்டுமென்றால் மாவுப் பாத்திரம் என் புத்தக அலமாரிக்குப் போகும். வீட்டுக்கு வரும் இலக்கிய நண்பர்கள் அந்த அறையில் நுழைந்ததும் மூச்சை இழுத்து, "பழைய புத்தக வாசனையே தனி" என்று கண்மூடுகிறார்கள். நான் திருத்துவதில்லை.

இந்த நிலையில்தான் வடக்கு அறையில் ஏசி வந்தது. வீட்டில் இருந்த சூட்டுப் பிரச்சினை தீர்ந்து, குளிர்ப் பிரச்சினை ஆரம்பமானது. ரிமோட்டில் 24. 2020 முதல் ஸ்டார் முத்திரை போட்டு வரும் ஏசியெல்லாம் முதலில் 24-ல்தான் நிற்க வேண்டும் என்பது அரசாங்க விதி. "கவர்மெண்ட்டே சொல்லியிருக்கு" என்று அப்பா அதைத் தொட விடமாட்டார். தேங்காய் எண்ணெயும் ஏறக்குறைய அதே 24 டிகிரி வாக்கில்தான் உறைய ஆரம்பிக்கும். காலையில் எழுந்து பார்த்தால், ஏசிக்கு நேர் எதிரே டிரெஸ்ஸிங் டேபிளில் இருக்கும் மனைவியின் எண்ணெய் பாட்டில் வெள்ளை வெளேரென்று கட்டியாக இருக்கிறது. மேற்குச் சுவரோரம் பீரோ பக்கத்தில் இருக்கும் அம்மாவின் பாட்டில் தெளிந்த எண்ணெயாக ஆடுகிறது. ஒரே கடை, ஒரே எண்ணெய். ஏசிக்குள் இருக்கும் சென்சார், தன் மூக்குக்குப் பக்கத்துக் காற்றை அளந்துவிட்டு 24 வந்தாயிற்று என்று ஓய்ந்துவிடும். கட்டிலில் இருப்பவர்களை வந்து விசாரிப்பதில்லை. சுவர் தன் பங்குக்கு இரவெல்லாம் சூட்டை வீசும். ஆகவே ஒரே கட்டிலில் ஒருவர் மங்கி குல்லா, இன்னொருவர் போர்வையை உதைக்கிறார்.

அப்பாவுக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது, கொள்கை அது. ஆனால் அவருடைய ஈசி சேர், ஏசி வந்த நாளிலிருந்து அந்த அறைக் கதவுக்கு வெளியே இடம் மாறிவிட்டது. குளிர்ந்த காற்று கனம். தரையோடு இறங்கி, கதவடி இடுக்கு வழியாக வெளியே கசியும். அந்த இடுக்கை நோக்கி அவர் கால் கட்டைவிரல் நீண்டிருக்கும். மனைவி பழைய துண்டைச் சுருட்டி அடியில் செருகுவாள். கொஞ்ச நேரத்தில் துண்டு தானாகவே விலகிவிடும்.

ஏசி ஒரு டன். டன் என்பது மெஷினின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்கக் கரைந்தால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு வேலை. 1842-ல் கட்டிய திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்கக் குளங்களில் வெட்டிய ஐஸ் கப்பலேறி வந்து இறங்கியது. நாங்கள் குரோம்பேட்டையில், காலில் ஈரம் படாமல், அதையே கரைக்கிறோம். வாட் கணக்கில் சுமார் 3,500. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் சூடு விடுகிறார். லீவுக்கு மச்சான் குடும்பத்தோடு வந்து, எட்டுப் பேராக அந்த ஒரே அறையில் படுத்தால், ஏசியின் வேலையில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு எங்களை ஆற்றுவதற்கே போய்விடும். மச்சான் அரசியல் பேச ஆரம்பித்தால் அது தனிக் கணக்கு.

கும்பகோணம் பக்கத்தில் பாட்டி வீட்டிலும் எல்லா இடமும் ஒரே சூடாக இருந்ததில்லை. மத்தியானம் ரேழி, சாயங்காலம் திண்ணை, ராத்திரி முற்றம் என்று ஆட்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். நாட்டு ஓட்டின் இடுக்கு வழியாகவும் முற்றத்தின் வழியாகவும் அனல் அது பாட்டுக்கு மேலே போனது. வீடுகள் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் கட்டிலும் பீரோவும் வாங்கிவிட்டோம், அவ்வளவுதான். பாய் நகரும், மனைவி பிறந்த வீட்டிலிருந்து வந்த இரும்பு பீரோ நகராது. பாட்டி வீட்டில் நகராமல் இருந்தது ஒன்றே ஒன்று, அடுப்பு. அதன் முன்னால் பாட்டி.

எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குக் கூடுதல் சலுகை உண்டு. "பைப் பத்தடி வரைக்கும் ஃப்ரீ சார், அதுக்கு மேல அடிக்கு இவ்வளவுன்னு ஆகும்" என்று ஏசி பொருத்த வந்தவர் சொன்னபோது, பத்தடிக்குள் இருந்த ஒரே இடம் சமையலறை ஜன்னலுக்கு வெளியே. அவுட்டோர் யூனிட் அங்கே உட்கார்ந்தது. உள்ளே அடுப்பு, வெளியே அது. ஃபேன் போட்டால் கேஸ் தீ ஆடும் என்று அதுவும் கிடையாது. மனைவி ஒருநாள் தோசைத் திருப்பியோடு ஹாலுக்கு வந்து கேட்டாள்: "உங்க ரூம் சூட்டையெல்லாம் அள்ளி என் தலையில கொட்டறதுக்கு மாசம் எவ்வளவு கரண்ட் பில் கட்டறீங்க?"

மாசம் இல்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று திருத்தலாம்தான். கையில் தோசைத் திருப்பி இருந்தது.

இரண்டாவது ஏசி வாங்கலாம் என்று முடிவாகி, இடம் பார்க்கக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். "எந்த ரூம் சார் ரொம்ப சூடு?" என்றார். அப்பா டைரியை எடுத்து வந்தார். அம்மா மாவுக் கணக்குப்படி மேற்கு அறை என்றார். பையன், தான் ப்ளஸ் டூ படிப்பதால் கிழக்கு அறை என்றான். மனைவி சமையலறை என்றாள். அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "கிச்சன்ல போட முடியாது மேடம். எண்ணெய்ப் புகை ஃபில்டரை அடைச்சிடும். எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடுறதால குளிரே நிக்காது."

"சரி, அடுப்பை ஏசி ரூமுக்கு மாத்திடுங்க" என்றாள் மனைவி.

ஈசி சேரில் இருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எல்லாரும் எங்கம்மா படுக்கறது?"

"சமையல் ரூம்லதான் மாமா. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே."